எப்போது என்று கேட்கக் கூடாத ஆபீஸ்

அத்தை,

நேற்று எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் கதவு திறந்ததும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. ரெக்சின், டெட்டால், முகத்துக்குப் போடும் பவுடர், மூன்றும் கலந்த வாசனை. மூன்றாம் மாடிக்காரர் தன் அப்பாவுக்காக ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறார். இரண்டு ஆட்கள் அதைக் கழற்றி லிஃப்டுக்குள் திணிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைப்பக்கத்தை முதலில் ஏற்றினால்தான் திரும்பும் என்று என் வாய் தன்னால் சொன்னது. அவர்களில் மூத்தவர் என்னைத் திரும்பிப் பார்த்து, மேடம் நர்ஸா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

படியேறி வீட்டுக்கு வந்து, காப்பி போட்டு, அதைக் குடிக்காமல் ஆறவிட்டு, இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் போய் இத்தனை வருஷம் கழித்து உங்களுக்கு மடல் எழுதுகிறவளைப் பார்த்தால் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். வேலையத்தவ பூனையைச் சிரைச்ச கதை என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். நீங்கள் இருந்தவரைக்கும் பேசுவது உங்கள் முறையாகவே இருந்தது. இப்போது என் முறை.

உங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பி.காமில் முதல் வகுப்பு வாங்கிய சூடு ஆறாதவள். பெண் பார்க்க வந்த அன்றே எங்கள் அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார், பொண்ணு வேலைக்குப் போக ஆசைப்படுது என்று. "அதுக்கென்னங்க, பாக்கலாமுங்க" என்றீர்கள். நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தான், அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் யாரும் முடியாது என்று முகத்தில் அடிக்க மாட்டார்கள். பாக்கலாமுங்க என்று சொல்லி இலையில் இன்னொரு இட்லி வைப்பார்கள். நான் அந்த இட்லியைத் தின்றுவிட்டுக் கழுத்தை நீட்டினேன்.

பீளமேட்டு வீடு பெரிய வீடு. உங்கள் மகன் காலை எட்டு மணிக்குப் பெரியநாயக்கன்பாளையத்துப் பம்ப் பட்டறைக்குப் போய்விடுவார். எங்கள் மகள் பாப்பா பள்ளிக்கூட வேனில் ஏறிவிடுவாள். சமைக்க ஒரு ஆள், பெருக்க ஒரு ஆள். மாமா கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டவர், படத்தில் மாலையோடு இருந்தார். ஒன்பது மணிக்கு மேல் அந்த வீட்டில் நான் எதற்கும் தேவைப்படவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வேலை பற்றி வருஷத்துக்கு ஒரு தடவை பேச்செடுப்பேன். நீங்கள் கோபப்பட மாட்டீர்கள். "பட்டறைல நம்ம குடுத்துத்தான் அத்தனை பேரு சம்பளம் வாங்கறாங்க. நீ போயி இன்னொருத்தருகிட்டக் கையை நீட்டறதா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, பாப்பாவுக்குப் பால் கொடுத்தாச்சா என்பீர்கள். கோபப்பட்டிருந்தாலாவது நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். சர்க்கரையில் பூட்டிவைத்தால் எந்தப் பக்கம் இடிப்பது?

பாப்பா ஒன்றாம் வகுப்புக்குப் போன வருஷம், தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரு நாள் காலையில் கதர்ச் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது, என் முகத்தைப் பார்த்து நின்றீர்கள். "நீயும் வா கண்ணு. சேவைக்கு வந்தா ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." கூலி வாங்காமல் உழைத்தால் கௌரவம், வாங்கினால் கேவலம் என்ற அந்தக் கணக்கை எந்தக் கல்லூரியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டேன். வாசல் திறக்கிறது, எந்த வாசலாக இருந்தால் என்ன என்று தோன்றியது.

ஆர்.எஸ். புரத்தில் அந்தப் பழைய ஓட்டுவீடு. முன்னறையில் இரண்டு மேஜை, ஒரு போன். பின்னால் கார் நிறுத்த வேண்டிய ஷெட்டில் ஆஸ்பத்திரிக் கட்டில்கள், சக்கர நாற்காலிகள், வாக்கர்கள். படுக்கையில் விழுந்தவர்கள் உள்ள வீடுகளுக்கு அவற்றை இலவசமாகக் கொடுத்து, தேவை முடிந்ததும் திரும்ப வாங்கி வைப்பதுதான் அந்த அறக்கட்டளையின் வேலை. அதை நடத்தியவர்கள் நீங்கள் மூன்று பேர். ஒருவர் மில் மாமா, பஞ்சாலையில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். கட்டிலின் கைப்பிடிகளுக்குக் கிரீஸ் போடுவதைத் தவிர வேறு எதிலும் அவருக்கு நிம்மதி கிடையாது. இன்னொருவர் டெலிபோன் அம்மா. எக்ஸ்சேஞ்சில் வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களுக்கு லைன் போட்டுக் கொடுத்தவர். மூன்றாவது நீங்கள். மூவருமே அறுபதைத் தாண்டியவர்கள்.

முதல் நாள் முழுக்க நான் கேட்டது பிரஷர் மாத்திரை, மலச்சிக்கல், மருமகள்கள். மருமகள் பேச்சு வரும்போது நான் அங்கே உட்கார்ந்திருப்பது யாருக்காவது நினைவு வரும். சட்டென்று மூவரும் புளி விலைக்கு மாறிவிடுவீர்கள். அந்த ஆபீசில் புளி விலையைப் பற்றி அத்தனை பேச்சு நடந்ததற்குக் காரணம் நான்தான். ஒரு மாமியாரிடம் இருந்து மூச்சுவிட இடம் தேடிப் போனவளுக்கு மூன்று மாமியார் கிடைத்தார்கள், அதில் ஒருவர் மீசை வைத்தவர். சாயங்காலம் உங்களோடு அதே காரில் ஏறி அதே வீட்டுக்கு வந்தபோது எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த இடத்துக்கு ஒரு முறை இருந்தது. யாரும் எனக்கு அதைச் சொல்லித்தரவில்லை, பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். கட்டிலைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களிடம் நீங்கள் ஒன்றும் கேட்க மாட்டீர்கள். நோயாளி தேறி எழுந்துவிட்டால், கொண்டுவந்தவர் போகும்போது "வாரேனுங்க" என்பார். இல்லையென்றால் இறக்கி வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போவார். சாவு வீட்டில் யாரும் வாரேன் என்று சொல்வதில்லை அல்லவா, அதேபோல. சொல்லாமல் போனவரின் முதுகைப் பார்த்து மூவரும் எழுந்து நிற்பீர்கள். பிறகு மில் மாமா அந்தக் கட்டிலை வெயிலில் இழுத்துப்போட்டு மஞ்சள் தண்ணீரும் ஃபினாயிலும் விட்டுக் கழுவுவார்.

வாங்கிப்போக வருகிறவர்களும் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்பார்கள். இதுல முன்னாடி படுத்திருந்தவங்க என்னானாங்க? நீங்கள் கண்ணிமைக்காமல் சொல்வீர்கள், வெள்ளகோவில்காரர் ஒருத்தர், இதில் படுத்திருந்து, தேறி, தானே நடந்துபோய் பஸ் ஏறினார் என்று. ஷெட்டில் இருந்த அத்தனை கட்டிலிலும் அந்த வெள்ளகோவில்காரர்தான் படுத்து எழுந்திருந்தார். பாவம், அந்த மனிதருக்கு வராத நோயில்லை. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

அடுத்த மாதமே நான் உங்கள் தலையில் ஒரு கல்லைப் போட்டேன். கட்டில் கேட்டு வாசலில் ஆட்கள் வந்து நின்றபடி இருந்தார்கள், ஷெட்டில் ஒன்றுகூட இல்லை. வெளியே போன கட்டில்களில் பல, வருஷக் கணக்காகத் திரும்பவில்லை. படித்தவள் அல்லவா நான், போனை எடுத்தேன். வடவள்ளியில் ஒரு வீடு. கட்டில் இன்னும் தேவையாக இருக்கிறதா, எப்போது திரும்ப வரும் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். மறுமுனையில் ஒரு பெண் பேசினாள். சரீங்க என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். மத்தியானம் டெம்போவில் கட்டில் வந்து இறங்கியது. கூட வந்த பையன் போகும்போது வாரேன் என்றும் சொல்லவில்லை, சும்மாவும் போகவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். மில் மாமா மெல்ல விசாரித்ததில், அவனுடைய தாத்தா உயிரோடுதான் இருந்தார். அவரைப் பாயில் இறக்கிப் படுக்கவைத்துவிட்டுக் கட்டிலைக் கொண்டுவந்திருக்கிறார்கள். நீங்களே கேட்டதுக்கப்புறம் வெச்சிருக்கறது மொறையில்லைன்னு அம்மா சொன்னாங்க என்றான்.

நீங்கள் என்னைத் திட்டவில்லை. அதே டெம்போவில் கட்டிலை ஏற்றி, முன்சீட்டில் நீங்களும் நானும் நெருக்கிக்கொண்டு வடவள்ளிக்குப் போனோம். அந்த வீட்டில் பாய் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு, கட்டிலுக்குக் கிரீஸ் போடத்தான் வரச் சொன்னோம், இந்தப் பொண்ணு சொல்லத் தெரியாமச் சொல்லிப்போட்டுது என்றீர்கள். அப்புறம் வெள்ளகோவில்காரர் கதை. கிழவர் சிரித்தார். திரும்பும்போதுதான் பேசினீர்கள். "நம்ம கூப்பிடக் கூடாது கண்ணு. கட்டிலு எப்ப வரும்னு கேக்கறது, அவங்க எப்பப் போவாங்கன்னு கேக்கற மாதிரி. அவங்களாத்தான் கொண்டாரணும்." அந்தச் சட்டத்தை அங்கே போட்டவரே நீங்கள்தான் என்று டெலிபோன் அம்மா பிறகு சொன்னார். போனைத் தொட்டே பிழைத்தவர் அவர். அவர்கூட அதை மீறியதில்லை.

மூன்று வருஷம் போலப் போயிருக்கும். எனக்கும் கை பழகிவிட்டது. கட்டிலைப் பிரிக்கவும் பூட்டவும், படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ள வீட்டுக்காரர்களுக்குச் சொல்லித்தரவும் தெரிந்துவிட்டது. கணக்கு எல்லாம் என் பொறுப்பாயிற்று. மூவரும் என்னை அம்மணி அம்மணி என்று உள்ளங்கையில் வைத்துத் தாங்கினீர்கள். அங்கேதான் வினை. சம்பளம் வாங்குகிறவள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம். சேவைக்கு வந்தவள் யாரிடம் என்னவென்று எழுதிக் கொடுப்பாள்?

அந்த வருஷம் கணக்குப் பார்க்க வந்த ஆடிட்டர், எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, எல்லோர் முன்னாலும் கேட்டார், எங்க ஆபீசுக்கு வர்றீங்களாம்மா, இந்த மாதிரி ஆள்தான் எனக்கு வேணும் என்று. எனக்குக் காது சூடாகிவிட்டது. மில் மாமாதான் முதலில் பேசினார். "அம்மணி போயிட்டா நாங்க ஷெட்டைப் பூட்டிப்போட்டுப் போக வேண்டியதுதானுங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டெலிபோன் அம்மாவும் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. அவிநாசி ரோட்டில் கார் பாதி தூரம் வந்த பிறகு, வெளியே பார்த்தபடி, "தை பொறக்கட்டும் கண்ணு. ரோசனை பண்ணலாம்" என்றீர்கள். பாக்கலாமுங்க இல்லை. ரோசனை பண்ணலாம். அன்று ராத்திரி நான் பழைய சேலைகளை எல்லாம் எடுத்து, எதை ஆபீசுக்குக் கட்டலாம் என்று பிரித்து வைத்தேன்.

மார்கழியில் குளியலறையில் விழுந்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தபோது உங்கள் இடதுபக்கம் உங்களுடையதாக இல்லை. நானே ஆபீசுக்குப் போய்க் கட்டில் எடுத்து வந்தேன். மில் மாமா அன்று கிரீஸ் போட்டதுபோல் என்றும் போட்டதில்லை. கூடத்தை ஒட்டிய அறையில் பூட்டி, உங்களைத் தூக்கிப் படுக்கவைத்து, கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கத்தை உயர்த்தினேன். நீங்கள் குழறலாக என்னவோ கேட்டீர்கள். இரண்டாம் தடவைதான் புரிந்தது. இதுல ஆரு படுத்திருந்தாங்க? "வெள்ளகோவில்காரருங்க அத்தை" என்றேன். உங்கள் பாதி முகம் சிரித்தது. மறுபாதி சும்மா இருந்தது. நான் அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். உங்களுக்காக எவ்வளவு, எனக்காக எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

உங்கள் மகன் நர்ஸ் வைத்தார். அவள் கை பட்டதும் உடம்பை இறுக்கிக்கொண்டு கத்தினீர்கள். ஒரு வாரத்தில் அவளே போய்விட்டாள். என் கைக்கு மட்டும்தான் இளகினீர்கள். ஒரே பக்கமாகப் படுத்தால் புண் வந்துவிடும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நானே எத்தனையோ வீடுகளில் சொன்னதுதான். சொல்லிவிட்டு வருவது வேறு, அந்த வீட்டிலேயே இருப்பது வேறு. கடைவீதிக்குப் போனால் ஓடிவர வேண்டும். கல்யாணத்துக்குப் போனால் முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்காராமல் திரும்ப வேண்டும். வந்த உறவுக்காரர்கள் எல்லாம் காப்பி குடித்துவிட்டு, மருமகளா இது, பெத்த மக கூட இப்படிப் பாக்க மாட்டா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் விழுந்தது. புகழ்ந்தவர்களில் ஒருவர்கூட ஒரு மத்தியானம் நான் இருக்கிறேன், நீ போய்வா என்று சொல்லவில்லை.

தை பிறந்தது. அதற்கடுத்த தையும் பிறந்தது.

உங்களுக்குப் பேச்சு ஓரளவு திரும்பியிருந்தது. ஒரு நாள் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது கேட்டீர்கள், ஆபீசில் இருந்து ஒருத்தரும் கூப்பிடவே இல்லையே ஏன் என்று. நான் கரண்டியை வைத்துவிட்டு உங்களைப் பார்த்தேன். உங்களுக்கு நிஜமாகவே தெரியவில்லையா, தெரிந்தும் கேட்கிறீர்களா? கட்டில் வாங்கிய வீட்டுக்கு ஆபீஸ் கூப்பிடக் கூடாது. நீங்கள் இப்போது கட்டில் வாங்கிய வீடு. அவர்கள் உங்கள் மேல் வைத்திருந்த மரியாதைதான் அந்தப் போனை அடிக்கவிடாமல் வைத்திருந்தது.

நான் ஆர்.எஸ். புரத்துக்குப் போய் டெலிபோன் அம்மாவிடம் கெஞ்சினேன். அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் அக்கா என்ன நினைப்பாங்களோ என்று பயந்தார். மறுநாள் கூப்பிட்டுவிட்டார். போன் கூடத்தில் இருந்தது. ஒயரை இழுத்து வந்து ரிசீவரை உங்கள் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். சத்தமாகப் பேசுகிறவர், எனக்கும் கேட்டது. நலம் விசாரிக்கப் பயந்துகொண்டு புளி விலையைச் சொன்னார். மில் மாமாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதைச் சொன்னார். அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லாமல், பதற்றத்தில், ஆபீசில் தினமும் பேசுகிற பேச்சு வாயில் வந்துவிட்டது. "ஒரு கட்டிலு கூட இல்லீங்க அக்கா, ஆளுங்க வந்து வந்து நின்னுட்டுப் போறாங்க." சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது, ஐயோ என்றார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "சீக்கிரம் அனுப்பிச்சுப்போடறமுன்னு சொல்லு கண்ணு" என்றீர்கள். அன்று முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தீர்கள். டெலிபோன் அம்மா நாலு நாள் சாப்பிடவில்லையாம்.

அந்த வாரமே இன்னொரு போன் வந்தது. இந்த முறை எனக்கு. ஆடிட்டர் ஆபீசில் இருந்து பேசினார்கள். இடம் ஒன்று காலியாகிறதாம், சார் என் பெயரைத்தான் சொன்னாராம். எப்போது வர முடியும் என்று கேட்டார்கள். எத்தனை எளிய கேள்வி! எவருக்கும் பதில் தெரிந்த கேள்வி. ரிசீவரைப் பிடித்துக்கொண்டு உங்கள் அறையின் கதவைப் பார்த்தபடி நின்றேன். அந்தக் கேள்விக்கு நான் ஒரு தேதி சொன்னால் அது எந்தத் தேதி என்று எனக்குத் தெரியும். தெரியவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

"ஆரு கண்ணு?" என்றீர்கள் உள்ளே இருந்து.

பொய் சொல்லியிருக்கலாம். அலுத்துப்போயிருந்தேன். "ஆடிட்டர் ஆபீசுங்க அத்தை. எப்ப வர முடியும்னு கேக்கறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"தெரீலைன்னு சொன்னனுங்க."

நான் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். நீங்கள் மேலே பார்த்துக்கொண்டே பேசினீர்கள். உங்கள் மாமியார் படுக்கையில் கிடந்த வருஷங்களைப் பற்றி, அதுவரைக்கும் நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவரை அனுப்பிவைத்த பிறகு, வெளியே போக உங்களுக்கு இருந்த ஒரே சாக்கு அந்த ஆபீஸ்தான், உங்களுக்குத் தெரிந்த ஒரே வாசலுக்குத்தான் என்னையும் கூட்டிப்போனீர்கள் என்பதையும் அன்றுதான் சொன்னீர்கள். "காலைல எங்க மாமியா ரூமுக் கதவைத் தொறக்கறப்ப தெனமும் பாப்பேன் கண்ணு, உசுரு இருக்குதா போயிருச்சான்னு. இருந்தாப் பல்லைக் கடிச்சுட்டு உள்ள போவேன். நீயும் அப்படித்தான் பாக்கறே. எனக்குத் தெரியும்."

நான் இல்லை என்று சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் நம்பப் போவதுமில்லை.

"உன்னையப் போன்னு சொல்லோணும்" என்றீர்கள். "சொல்லிப் பாத்துட்டேதான் இருக்கறேன். வாய் வர மாட்டீங்குது. நீ போயிட்டா என்னையத் திருப்பிப் போட ஆருமில்லை கண்ணு. எனக்குப் பயமா இருக்குது."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். நேரமாகிவிட்டிருந்தது. எழுந்து, ஒரு கையைத் தோளுக்கடியிலும் ஒரு கையை இடுப்புக்கடியிலும் கொடுத்து, உங்களைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டேன். உங்கள் முதுகில் பவுடர் போட்டுத் தேய்த்தேன். எனக்கு அப்போது இருந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை தெரிந்தும் விடமாட்டேன் என்கிறாரே என்று உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் கை மெதுவாகத்தான் தேய்த்தது. அது உங்கள் உடம்பில் புண் வரக் கூடாது என்பதில் என்னைவிடப் பிடிவாதமாக இருந்தது.

அன்றைக்குப் பிறகு நம் இரண்டு பேருக்கும் நடிக்க வேண்டியிருக்கவில்லை. அதற்காக நான் விடுபட்டுவிடவும் இல்லை. வேலை வேறு யாருக்கோ போயிற்று. மறுநாளில் இருந்து, காலையில் நான் உங்கள் அறைக் கதவைத் திறந்ததும், பார்ப்பதற்குள் நீங்களே குரல் கொடுத்துவிடுவீர்கள். "இருக்கறேன் கண்ணு." சில நாள் கிண்டலாக. சில நாள் மன்னிப்புக் கேட்கிறவர்போல. சரீங்க அத்தை என்று சொல்லிவிட்டு வெந்நீர் எடுத்து வருவேன். அடுத்த வருஷம் ஆடி மாதத்தில் ஒரு காலையில் கதவைத் திறந்தேன். குரல் வரவில்லை. கையில் இருந்த துண்டோடு நான் அங்கேயே நின்றேன். காத்திருந்த காலைதான் அது, அத்தை. அது வந்தபோது, ஒரே ஒரு தடவை இருக்கறேன் என்று சொல்லிவிடுங்களேன் என்று கேட்டேன். வாய்விட்டே கேட்டேன்.

கட்டிலை நானே கொண்டுபோய் இறக்கினேன். மில் மாமாவும் டெலிபோன் அம்மாவும் எழுந்து நின்றார்கள். என் நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஆடிட்டர் ஆபீசுக்கு நானாகவே போன் செய்தேன். உங்கள் மகன் பேப்பரை மடித்துக்கொண்டு, எத்தனை மணிக்குப் போகணும், கார் வேணுமா என்று மட்டும் கேட்டார். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றேன்.

முதல் நாள் எனக்கு ஜன்னலோரத்தில் மேஜை கொடுத்தார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாகக் கனவு கண்ட மேஜை. குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், மத்தியானத்துக்கு முன்னால் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சட்டென்று எழுந்து நின்றேன். பக்கத்து மேஜைப் பெண், என்னக்கா வேணும் என்றாள். எதற்காக எழுந்தேன் என்று அவள் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஒண்ணுமில்லை கண்ணு என்று உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் எழுந்து நின்றேன்.

ஓய்வு பெறும்வரைக்கும் அந்த ஆபீசில் அப்படித்தான் இருந்தேன். அக்காவுக்குக் கால் மரத்துப்போகும்போல என்று பேசிக்கொண்டார்கள், நானும் மறுக்கவில்லை. போ என்று நீங்கள் கடைசிவரை சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை, போக வேண்டும் என்று ஆசையும் இல்லை. கோபத்தோடுதான் இன்றும் எழுந்து நிற்கிறேன், அத்தை. குனிந்து பார்த்தால் கை இரண்டும் முன்னால் நீண்டு, உங்கள் முதுகின் அகலத்துக்கு விரிந்திருக்கின்றன.